முதல் வரி, கடைசி வரி

போதகர்களை உருவாக்கும் அந்தக் கல்லூரியில் வாசிப்பு குறைந்துவிட்டதாக நிர்வாகத்துக்கு ஒருநாள் மனவேதனை ஏற்பட்டது. வேதனை தீர ஒரு குழு அமைத்தார்கள். குழு ஏழு முறை கூடி, ஏழு முறையும் தேநீர் அருந்தி, வாசிப்பு அதிகாரி என்று ஒருவரை நியமித்தது. அவர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், ஒரு சான்றிதழோடும் ஒரு முறையோடும் திரும்பி வந்தார். பக்கத்துக்கு முதல் வரி, கடைசி வரி படித்தால் போதும். நடுவில் இருப்பதெல்லாம் எழுதினவரின் சொந்தப் பிரச்சினை.

ஐயாயிரம் பக்கம் படித்ததாகப் படிவத்தில் காட்டினால்தான் போதகர் பட்டம். பையன்கள் வெளுத்துக் கட்டினார்கள். ஒருத்தன் பல் தேய்க்கிற நேரத்தில் திருச்சபை வரலாற்றையே முடித்தான். இறுதியாண்டில் 'ஆமை' என்று பெயர் வாங்கியவன் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றான். பாவி, முழுசாகப் படித்துக்கொண்டிருந்தான். பட்டமளிப்புக்கு இன்னும் மூன்று வாரம்தான். அம்மா அங்கி தைக்கக் கொடுத்துவிட்டாள். 

அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார்.

"என்ன தம்பி, ஒரே அதிகாரத்துல ஒன்பது நாளா?"

"பாவமன்னிப்பு பத்திங்க ஐயா. சரியாப் புரியல."

"புரியணும்னு யாரு சொன்னா? படிவத்துல அப்படி ஒரு கட்டம் இருக்கா?"

ஆமை தேடிப் பார்த்தான். இல்லைதான்.

"நாளைக்கு ஒரு சாவு வீட்டுல போய் நின்னா என்னங்க ஐயா பேசறது?"

"முதல் வரி, வருந்துகிறோம். கடைசி வரி, ஆமென். நடுவுல அவங்களே அழுதுப்பாங்க."

ஆமைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினான். முதல் வரியில் நிர்வாகத்தின் தொலைநோக்கைப் போற்றினான். கடைசி வரியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று பணிந்தான். நடுவில், இந்தத் திட்டம் சுத்தப் பைத்தியக்காரத்தனம், உடனே ரத்து செய்யவும் என்று செருகினான். அதிகாரி கையெழுத்துப் போட்டார். குழுவில் இருந்த எல்லாரும் போட்டார்கள். முதல்வர் 'மிக நன்று, ஆவன செய்க' என்று பச்சை மையில் எழுதினார்.

நாலு நாளில் அறிவிப்புப் பலகையில் ஆணை தொங்கியது. 'விண்ணப்பம் மகிழ்ச்சியுடன் ஏற்கப்படுகிறது' என்று தொடங்கி, 'ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக' என்று முடிந்தது. ஆமை துள்ளிக் குதித்தான். இறுதியாண்டு மாணவர்கள் அவனைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். பிறகு அவனும் சேர்ந்து நாற்பது பேரும் ஆணையைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பட்டம் பெறுவோர் பட்டியல் வந்தது. மேலே தலைப்பு இருந்தது. கீழே முதல்வர் கையெழுத்து இருந்தது. நடுவில் ஒரு பெயர்கூட இல்லை.

ஆமை அலுவலகத்துக்கு ஓடினான். ஆணைகளை டைப் அடிக்கும் குமாஸ்தா மட்டும் இருந்தார்.

"அண்ணே, எங்க பேரெல்லாம் எங்கே?"

"திட்டமே ரத்து. அப்ப அதுல படிச்ச பக்கமும் ரத்துதானே? நாற்பது பேரும் திரும்ப முதலாமாண்டு. ஆணையிலயே இருக்கே."

"ஆணையிலயா? எங்கே?"

"நடுவுல."

ஆமை மேசையில் கிடந்த ஆணையின் நகலை எடுத்து நடுவில் தேடினான்.

"விதிப்படி அப்படித்தான் எழுதியாகணும். எனக்கே மனசு கேக்கல. அதான், ஆட்சேபம் இருந்தா மூணு நாளுக்குள்ள சொல்லலாம்னு நானா ஒரு வரி சேர்த்து அடிச்சேன். வேற எவனும் படிக்கமாட்டான்னு தெரியும்" என்றார் குமாஸ்தா, அவன் முகத்தைப் பார்க்காமல். "உன்னை நம்பித்தான்யா சேர்த்தேன்."