முதலில் ஒரு சின்னப் பின்னணி

உலகத்தில் பறவைகளை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள், தவளைகளை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள், வௌவால்களுக்குப் பின்னால் குகை குகையாகத் திரிகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களை ஆராய்கிறவர் மட்டும் யாரும் இல்லை. அந்தக் குறையைப் போக்க நானே முன்வந்திருக்கிறேன். சர்வதேசக் காட்டுயிர்ப் பாதுகாப்பு மாநாடுகளில் தவறாமல் தென்படும் ஓர் உயிரினத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். பெயர், பின்னணிக்காரர். அழிந்துவரும் இனம் என்று நினைத்துப் பதறாதீர்கள். அமோகமாகப் பெருகிவருகிறது.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. கழுத்தில் தொங்கும் பெயரட்டை எப்போதும் புறமுதுகு காட்டித் திரும்பியே கிடக்கும். தோளில் மாநாட்டுத் துணிப்பை, ஆனால் இந்த மாநாட்டுடையது அல்ல, எப்போதோ போய்வந்த மாநாட்டுடையது. சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ், அது வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று துணிப்பையில் இன்னொன்று, அதுவும் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று மனைவியின் கைப்பையில் மற்றொன்று. ஸ்லைடுகளின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. இத்தனையும் தற்செயலாக ஒத்துப்போகலாம் என்று நீங்கள் சந்தேகப்பட்டால், அவர் வாயைத் திறக்கும் வரை பொறுத்திருங்கள். முதல் வாக்கியத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

"முதல்ல ஒரு சின்னப் பின்னணி சொல்லிடறேன்."

'சின்ன' என்ற சொல்லை நம்பி உட்கார்ந்தவர்கள் பலர். நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த பின்னணிக்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். என்னோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர், அடுத்த தெருவில் குடியிருப்பவர், ஆலாக்களை ஆராய்பவர். ஆலா என்பது ஆற்று மணல்திட்டில் சும்மா ஒரு குழி பறித்து முட்டையிடும் வெள்ளைப் பறவை. சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும் வழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. பின்னணிக்காரர் வீட்டுக்கு ஒரு நாள் குழாய் ரிப்பேர்காரர் வந்தார். "எங்க சார் ஒழுகுது?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். நீங்களும் நானும் என்றால் விரலை நீட்டியிருப்போம்.

"முதல்ல ஒரு சின்னப் பின்னணி," என்றார் இவர். "இந்த வீடு கட்டும்போது இரும்புக் குழாய்தான் போட்டிருந்தாங்க. அந்தக் காலத்துல இந்தத் தண்ணியில உப்பு எவ்வளவு இருந்துச்சுன்னா..."

ரிப்பேர்காரர் கையில் ஸ்பானரோடு வாசலிலேயே நின்றார். உப்பு முடிந்து துரு வந்தது, துரு முடிந்து பிளாஸ்டிக் குழாயின் வருகை வந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

"அவர் என்ன சொல்ல வர்றார்னா, சமையலறைக் குழாய் ஒழுகுது. உள்ள வாங்க."

அந்த அம்மாள் இப்படித்தான். டாக்டர் "எங்க வலிக்குது?" என்று கேட்டால் இவர் தம் கல்லூரி நாட்களிலிருந்து ஆரம்பிப்பார். "அவர் என்ன சொல்ல வர்றார்னா, இடது முழங்கால்" என்று மனைவி முடித்துவைப்பார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இவர் பேசிக்கொண்டேயிருக்க, "எங்களுக்குச் சம்மதம்" என்று மனைவி சொல்லித்தான் அந்தக் கல்யாணமே நடந்தது. இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது நீங்கள் கேட்கலாம்: இப்படிப் பேசுகிறவர் மோசமான ஆராய்ச்சியாளரா? அதுதான் இல்லை. ஆலாக்களைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை, அவரைவிட நேசித்தவரும் இல்லை. போன பருவத்தில் ஆற்றில் திடீரென்று தண்ணீர் ஏறி, முட்டைகளும் பொரித்து வெளிவந்த குஞ்சுகளுமாக மணல்திட்டு முழுவதும் முங்கிப்போனது. அன்று அவர் படகை விட்டு இறங்காமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பக்கத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். அதனால்தான் அவரை முழுசாகக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. முக்கால்வாசிதான் செய்கிறேன்.

தண்ணீர் ஏன் ஏறியது? ஆறு பக்கத்து நாட்டிலிருந்து வருகிறது. அணை அங்கே இருக்கிறது, ஆலா இங்கே இருக்கிறது. மதகைத் திறக்கிறவர்களுக்குக் கீழே முட்டை இருப்பது தெரியாது, தெரியப்படுத்த இவர் போட்ட மனுக்கள் இரண்டு நாட்டு அலுவலகங்களிலும் மேசை மேசையாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் மாநாட்டு நிகழ்ச்சிநிரல் வந்தது. பங்கேற்பாளர்களில் பக்கத்து நாட்டு அணைப் பொறியாளரின் பெயர் இருந்தது. மதகுக்கு உத்தரவு போடுகிற அதே மனிதர்! இவர் பேசப்போகும் அதே அரங்கில் வந்து உட்காரப்போகிறார். சொல்லவேண்டியது ஒரே ஒரு வரி: குஞ்சுகள் பறக்கும் வரை மதகைத் திறக்காதீர்கள்.

ஒரு வரி. பேசுவதற்குக் கொடுத்திருந்ததோ பன்னிரண்டு நிமிடம். ஒரு வரியைச் சொல்லப் பன்னிரண்டு நிமிடம் தாராளம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? அப்படியானால் உங்களுக்கு இன்னும் பின்னணிக்காரரைப் பற்றிய பின்னணி போதவில்லை.

வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். துணி முழுவதும் முடிந்து, திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டுவந்து அவற்றுக்கும் போட்டு முடித்தார். இவர் அப்போதுதான் ஆற்றின் பிறப்பிடத்திலிருந்து இறங்க ஆரம்பித்திருந்தார்.

"ஏங்க, அந்தக் கடைசி வரிய முதல்லயே சொல்லிட்டா என்ன?"

"அது எப்படிம்மா? ஒரு ஒழுங்கு வேணாமா? ஆலா யாருன்னே தெரியாதவங்ககிட்ட எடுத்த எடுப்புல மதகைப் பத்திப் பேசினா மரியாதையா இருக்குமா?"

"ஆலாவுக்கு மரியாதை வேணாங்க. முட்டை நனையாம இருந்தா போதும்."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு இன்னும் இரண்டு ஸ்லைடு சேர்த்தார்.

மாநாட்டு அரங்கம் எல்லா மாநாட்டு அரங்கங்களையும் போலத்தான் இருந்தது. ஆளை உறையவைக்கும் ஏ.சி., கறுப்புத் துணி போர்த்திய மேசை, யாரும் உட்காராத முதல் வரிசை, யாரும் எழுந்திருக்காத கடைசி வரிசை. பின்சுவரில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்த ஒரு பெண்மணி. மேடையில் பேசுவதை உடனுக்குடன் பக்கத்து நாட்டு மொழியில் சொல்வது அவர் வேலை. அவர் வேலை எளிதாக இருக்கட்டும் என்று எல்லோருடைய ஸ்லைடுகளையும் முன்கூட்டியே அச்செடுத்துக் கொடுத்திருந்தார்கள். பொறியாளர் நடுவரிசையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். நானும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அந்த மொழி எனக்கு அரைகுறையாக வரும், பின்னணிக்காரரின் பேச்சோ எனக்கு மனப்பாடம். தவிரவும் அடுத்துப் பேசவேண்டியவன் நான். என் நேரத்தை எவ்வளவு விழுங்கப்போகிறார் என்ற கவலையை மறக்க ஏதாவது வேண்டியிருந்தது.

"முதல்ல ஒரு சின்னப் பின்னணி," என்று அவர் ஆரம்பித்தார்.

உலக வரைபடம் வந்தது. நாம் எந்தக் கோளில் இருக்கிறோம் என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கக்கூடாது அல்லவா? பிறகு கண்டம், பிறகு மலை, மலை உண்டான விதம், ஆறு புறப்பட்ட விதம், நிதி கொடுத்தவர்களின் சின்னங்கள், நிதி கொடுக்க மறுத்தாலும் நல்ல வார்த்தை சொன்னவர்களுக்கு நன்றி, தொப்பி போட்டுக்கொண்டு படகில் அவரே தொலைநோக்கியோடு நிற்கும் படம், அதே படம் இன்னொரு கோணத்தில். பிறகு எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகள் நிறைந்த ஓர் அட்டவணை. "இது உங்களுக்குச் சரியா தெரியாது, மன்னிக்கணும்" என்று சொல்லி, தெரியாத அட்டவணையை வரி வரியாக வாசித்தார். தெரியாது என்று தெரிந்தே ஏன் ஐயா போட்டீர்கள்? கேட்கக்கூடாது. அந்த அட்டவணைக்காக அவர் இரண்டு பருவம் வெயிலில் நின்றிருக்கிறார்.

அமர்வுத் தலைவி மஞ்சள் அட்டையைக் காட்டினார். நேரம் முடியப்போகிறது என்று அர்த்தம். பின்னணிக்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார். "இதைப் பத்தி நிறைய சொல்லலாம், ஆனா நேரமில்லை" என்றார், பிறகு நிறையச் சொன்னார். "சுருக்கமா சொன்னா" என்றார். இரண்டாவது வரிசையில் ஒருவர் அதைக் கேட்டதும் சாவகாசமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், அனுபவசாலி. தலைவி சிவப்பு அட்டையைத் தூக்கினார். பிறகு எழுந்து நின்று தூக்கினார். ஆலா இன்னும் முட்டையே இடவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போனது. பொத்தானை அமுக்க ஆரம்பித்தார். "இதை விட்டுடலாம்... இதுவும் வேணாம்... இது முக்கியம்தான், பரவாயில்லை..." ஸ்லைடுகள் ரயில் ஜன்னலில் ஓடும் மரங்கள் மாதிரி ஓடின. அவற்றோடு அந்த ஒரே வரி இருந்த ஸ்லைடும் திரையில் வந்த வேகத்தில் போய்விட்டது. "நன்றி" என்ற பெரிய எழுத்தில் வந்துதான் நின்றது. எனக்குப் படகும் துண்டும் ஞாபகம் வந்தன. இத்தனை தூரம் விமானத்தில் வந்து, அந்த மனிதர் எதிரில் நின்று, அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் இறங்கப்போகிறார்.

ஆனால் என் காதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் இருந்த பெண்மணி "விட்டுவிடலாம், வேண்டாம், பரவாயில்லை" என்பதையெல்லாம் மொழிபெயர்க்கவில்லை. கையிலிருந்த அச்சுத்தாள்களைப் புரட்டி, 'நன்றி'க்கு முந்தைய தாளை எடுத்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"பேச்சாளர் என்ன சொல்ல வருகிறார் என்றால், குஞ்சுகள் பறக்கும் வரை மதகைத் திறக்காதீர்கள்."

பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

தேநீர் இடைவேளையில் அவரே பின்னணிக்காரரைத் தேடிக்கொண்டு வந்தார், மொழிபெயர்ப்பாளரையும் கையோடு அழைத்துக்கொண்டு. முகமெல்லாம் மலர்ச்சி. "ரொம்பத் தெளிவான பேச்சு சார். இவ்வளவு நேரடியா யாருமே எங்ககிட்ட சொன்னதில்லை. ஒரே ஒரு சந்தேகம். முட்டை பொரிஞ்சா போதாதா, நிஜமாவே குஞ்சு பறக்கணுமா?" என்று கேட்டதை அந்தப் பெண்மணி நம் மொழியில் சொன்னார்.

பின்னணிக்காரர் கண்ணில் ஒளி வந்தது. கோப்பையைக் கீழே வைத்தார். எனக்குத் தெரியும் அந்த ஒளி.

"அருமையான கேள்வி. அதுக்கு முதல்ல ஒரு சின்னப் பின்னணி. இந்த ஆலாக் குடும்பத்துல மொத்தம்..."

மொழிபெயர்ப்பாளர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். குடும்பம், கிளைக் குடும்பம், இறகு முளைக்கும் வரிசை எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு பொறியாளர் பக்கம் திரும்பி ஒரே சொல்லில் சொன்னார். "பறக்கணுமாம்."

பொறியாளர் கைகுலுக்கிவிட்டுப் போனார். பின்னணிக்காரர் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். "பாத்தீங்களா? பின்னணியோட சொன்னாத்தான் மனுஷனுக்குப் புரியும்!"

என் பேச்சு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. எனக்கு மிஞ்சிய நேரத்தில் என் பெயரையும் நன்றியையும் சொன்னேன், நல்ல கைதட்டல் கிடைத்தது.

இந்தப் பருவத்தில் நான் ஆற்றுக்குப் போகமுடியவில்லை. ஒரு காலை போன் வந்தது. பின்னணிக்காரர், தம் மனைவியையும் அழைத்துக்கொண்டு மணல்திட்டுக்கு எதிர்க்கரையில் நிற்பதாகச் சொன்னார். "ஒரு விஷயம் சொல்லணும். அதுக்கு முதல்ல..." என்று ஆரம்பித்தார். நான் வழக்கம்போலப் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் காய் நறுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், போனிலிருந்து சத்தமே வரவில்லை. பதறிப்போய் எடுத்து, "சார்? என்ன சார் ஆச்சு? தண்ணி வந்துடுச்சா?" என்று கத்தினேன். மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு போன் கைமாறியது.

"அவர் என்ன சொல்ல வர்றார்னா," என்றார் அந்த அம்மாள், "எல்லாக் குஞ்சும் பறந்துடுச்சு."

அந்த ஒரு வரிக்கு அவரிடம் பின்னணியே இல்லாமல் போய்விட்டது. என் வாழ்க்கையில் நான் கேட்ட அவருடைய மிகச் சிறந்த பேச்சு அதுதான். அடுத்த மாநாட்டுக்கு அவர் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு வந்தீர்களே, உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, விருந்தாளியைப் பார்த்து, "அவர் என்ன சொல்ல வர்றார்னா" என்றோ "இவங்க என்ன சொல்றாங்கன்னா" என்றோ ஆரம்பிப்பவர் உங்கள் வீட்டில் யாராவது உண்டா? இருந்தால் அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்த ஊர் மதகு அவருடைய ஒரு வரிக்காகக் காத்திருக்கிறதோ, யார் கண்டது? "அப்படி எல்லாம் ஒண்ணும் இல்லை, அது எப்படின்னா..." என்று மறுக்க வாயெடுக்கிறீர்களா?

கொஞ்சம் பொறுங்கள். ஸ்லைடு போட ஆள் வரட்டும்.