எங்களுக்கெல்லாம் தண்ணி காட்டிய பேஜாரு மாமா

கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே, மரத்துக்குத் தாகமெடுத்தால் தனக்கு நாக்கு வறளும் ஒரே மனிதர் என் அக்கா புருஷன்தான். ஊர் வைத்த பெயர் 'பேஜாரு'. ஓரிடத்தில் உட்காரமாட்டார். நட்ட கன்று வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நடுவார்.

குடும்பமே அவருடைய எலுமிச்சைத் தோட்டத்தை நம்பித்தான் இருந்தது. எலுமிச்சையோ விசித்திரப் பிறவி. மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, இலை சுருண்டு உதிரும்வரை வாடப்போட வேண்டும். அப்புறம் தண்ணீர் விட்டால்தான் பூத்து, வெயில் காலத்தில் காய்க்கும். மாமாவுக்கு அந்த வாட்டத்தைப் பார்க்கப் பொறுக்காது. திருட்டுத்தனமாக ஊற்றிவிடுவார். மரமெல்லாம் தளதளவென்று இலை. காய் மட்டும் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. அக்கம்பக்கத்து நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தக் கோடைக்கும் காய்க்கலன்னா நெலத்த கம்பெனிக்காரனுக்கே குடுத்துடலாம்," என்றாள் அக்கா. வாளி, குடம், கயிறு எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா கிணற்றுப் படியேறி வந்தார். கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

"இன்னா மாமா, பல்வலியா?"

"ம்ம்."

பின்னாலேயே அக்கா வந்துவிட்டாள். "இன்னாய்யா வாயில? பதில் சொல்லு!"

மாமா மரத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மடக்கென்று விழுங்கினார்.

"ஒரு வாய்தான்டி... பாவம், அதுங்க வாயத் தொறந்து கேக்குமா?"

எனக்குச் சிரிப்பு, அக்காவுக்கு அழுகை. "நெலம் போனா மரத்த வெட்டிக்கினு போவான்யா! அப்ப யாருக்குத் தண்ணி ஊத்துவ?"

மாமா ஆடிப்போனார். "மச்சான், என்னை இங்கேர்ந்து இட்டுக்கினு பூடு," என்றார்.

மீஞ்சூரில் என் அறைக்கு அழைத்துப் போனேன். அப்பப்பா! கூண்டிலடைத்த பூனைதான். தெருக்குழாய் சொட்டினால் எழுந்து உட்காருவார். நான் முகச்சவரம் செய்தால் பக்கத்தில் வந்து, "மச்சான், இந்நேரம் எலை சுருண்டிருக்குமா?" என்பார். அக்கா 'எலை கொட்டிடுச்சி, தண்ணி ஊத்த வரச்சொல்லு' என்று ஆளனுப்பியதும் செருப்பைக்கூட மறந்து ரயிலேறினார்.

அப்புறம் ஒரு மத்தியானம், நான் வேலை பார்த்த பட்டறையின் கேட்டில் ஒரே ரகளை. வாட்ச்மேன் சட்டையைப் பிடித்திழுக்க, மாமா திமிறிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் இறுக்கி மூடிய கையை நீட்டிப் பிரித்தார். உள்ளே நசுங்கிய எலுமிச்சம்பூ.

"எல்லா மரமும், மச்சான்..." என்றவர் அழுதுவிட்டார்.

வேலையாவது மண்ணாவது! கிரீஸ் கையோடு அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் போனதிலிருந்து என் அறையில் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.