பியர்க்கடையில் துக்கம் விசாரித்தது

ஹம், ஜேர்மனி,
ஞாயிறு காலை

அன்பின் கமலநாயகிக்கு,

இங்கே நானும் உமது பூச்சாடிகளும் சுகம், துளசியைத் தவிர. மியூனிக்கில் நீரும் மகள் தர்மிகாவும் பேரனும் சுகமாயிருக்க நல்லூரான் துணை. நான் தனிய இருக்கிறேனே என்று அவசரப்பட்டு வர வேண்டாம்.

நேற்று நடந்ததை ஆரும் வத்தி வைக்க முன்னம் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள பியர்க்கடையில் சனிக்கிழமைகளில் கிற்றார் வாசிக்கிற கானா நாட்டு அல்பேர்ட், என்னோடு பக்டரியில் வேலை செய்தவர், நீர்கூடத் தும்புத்தடியால் நிலத்தில் இடித்துச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவீரே, அவரின் பாட்டுக் குழுவில்தான் சங்கதி. ஹைலைஃப் என்று தங்கள் நாட்டுப் பழைய ஆட்டப் பாட்டுகளை அந்தக் கிழவர்கள்தான் இன்னும் கையால் வாசிக்கிறார்கள், இளசுகளுக்கு மெசின் போதுமாம். நேற்று யன்னலால் பார்த்தால் வருகிற சனமெல்லாம் தலை முதல் கால் வரை வெள்ளை. வாசலில் அந்தக் குழுப் பாடகரின் பெரிய படம், சுற்றிவரப் பூ. ஐயோ, மனுசன் போய்ச் சேர்ந்திட்டுது என்று ஓடிப்போய், நின்றவர் கையையெல்லாம் பிடித்து, "என்ன வருத்தம்? கடைசி நேரம் ஆர் பக்கத்தில இருந்தது?" என்று டொச் மொழியில் விசாரித்தேன். அவர்கள் சிரித்தார்கள். அதிர்ச்சியில சிரிக்கினம் எண்டு நினைச்சன். சோறு தந்தார்கள், செத்தவீட்டில எப்பிடிச் சாப்பிடுறது எண்டு மறுத்திட்டன். ஒருபாட்டம் அழுதும் முடிய, செத்தவர் மைக்கோடு மேடைக்கு வந்தார். எழுபத்தைந்தாவது பிறந்தநாளாம்! அவையளுக்கு வெள்ளை சந்தோசமாம்.

வெட்கத்தோடு இருந்து பாட்டுக் கேட்டேன். அல்பேர்ட் ஒரு துண்டு வாசிப்பார், பிறகு கையை எடுத்துவிடுவார், மேளம் மட்டும் போகும், திரும்ப வாசிப்பார். இடைவேளையில் அவரிடமே, மறந்துபோனீரோ என்று கேட்டேன்.

"அது எங்கட மற்றக் கிற்றார்காரன் பதில் வாசிக்கிற இடம். அவன் பேரப்பிள்ளை பார்க்கப் போயிட்டான். வாற வரைக்கும் அந்த இடம் அவனுக்குத்தான்" என்றார்.

எனக்கு எங்கட குசினி ஞாபகம் வந்திட்டுது, கமலா. நான் ஏதேன் சொல்லிப்போட்டு, நீர் "விசர்க்கதை கதையாதேங்கோ" எண்டு சொல்லுறதுக்கு இடம் விட்டு நிக்கிறன். பானைதான் கொதிக்குது.

பேரனுக்கு என் கொஞ்சல்கள், தர்மிகாவுக்கு ஆசிகள். நீர் தை பிறந்து ஆறுதலாக வாரும்.

இப்படிக்கு,
ஒரு குறையுமில்லாத
இராசலிங்கம்

பி.கு.: சுகம் எண்டது பச்சைப் பொய். வாற சனிக்கிழமை ரயிலுக்கு உமக்கு ரிக்கற் எடுத்து மகளின்ர போனுக்கு அனுப்பிப்போட்டன். தும்புத்தடியையும் ஒளிச்சாச்சு. பின்னேரம் ரெண்டு பேரும் கீழ போவம். வெள்ளையில வரச் சொல்லி அல்பேர்ட் சொன்னவர். நீர் அந்தச் சிவப்புச் சீலையையே கட்டிக்கொண்டு வாரும், நான் இன்னும் இருக்கிறன்.