உராய்வுக் கட்டுரையின் ஒரே ஆசிரியர்

அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் என் பெயர் தனியாகத்தான் நிற்கும். முன்னால் யாரும் கூடாது. பின்னால் யாரும் கூடாது. பக்கத்தில் "மற்றும்" என்ற சொல்லே கூடாது.

நான் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளில் எனக்குப் பங்கு உண்டு. ஆனால் பெயர் எங்கே வரும்? முதலில் துறைத் தலைவர் வருவார். அடுத்து, ஆய்வுக்கூடத்துச் சாவியை வைத்திருந்தவர் வருவார். அதற்கடுத்து, துறைத் தலைவரின் மருமகன் வருவார். கடைசியில் "முதலானோர்" என்று ஒரு சொல் வரும். அந்த முதலானோர் நான்தான். முதல் என்பது சொல்லில் மட்டும் இருக்கும், இடத்தில் இருக்காது.

இப்படிப்பட்ட எனக்கு, பெரிய இயற்பியல் இதழ் ஒன்றிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. உராய்வு பற்றி ஒரு மீளாய்வுக் கட்டுரை எழுதித் தர முடியுமா என்று இதழாசிரியரே கேட்டிருந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு காலாவது ஓடியது, நேரே அடுப்படிக்கு.

"மீளாய்வுன்னா என்னங்க? புதுசா ஏதாவது கண்டுபிடிக்கணுமா?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் வேண்டாம். இத்தனை வருஷமா மத்தவங்க கண்டுபிடிச்சதையெல்லாம் படிக்கணும். எது தேறும், எது தேறாது, இன்னும் என்ன பாக்கின்னு எடுத்துச் சொல்லணும்."

"அதாவது, அடுத்தவங்க செஞ்சதுல குத்தம் குறை சொல்லணும்."

"மதிப்பீடு செய்யணும்னு சொல்லு."

"ஆள் பாத்துத்தான் பிடிச்சிருக்காங்க. எதைப் பத்தி?"

"உராய்வு."

"நமக்குக் கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு. இன்னுமா படிக்கணும்?"

இவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். பட்டப்படிப்பில் நானும் அவளும் ஒரே வகுப்பு. அந்த வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியது யார் என்பதை நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. அவள் பேச ஆரம்பித்தால் நான் கடைக்குப் போய்விடுவேன். வாதம் முற்றும்போது மட்டும், "நீ ஆசிரியர், நான் பேராசிரியர், அந்த வித்தியாசம் ஞாபகம் இருக்கட்டும்" என்பேன். அவளும் "சரிங்க பேராசிரியரே" என்று சொல்லிவிட்டு, தான் நினைத்ததையே செய்வாள்.

கட்டுரைகளை அச்செடுத்துக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேஜை நிரம்பியது. நாற்காலிகள் நிரம்பின. நாங்கள் தட்டை வைக்க, துணி தேய்க்கும் பலகைக்குப் போனோம். ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை அத்தனை காகிதத்தையும் தரையில் பரப்பி, சலவைத் துணி பிரிப்பதுபோல் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இது ரெண்டும் வேற வேற ஆராய்ச்சின்னு எழுதியிருக்கீங்க. ஒரே ஆராய்ச்சிங்க. தலைப்பை மாத்தி ரெண்டு இடத்துல போட்டிருக்காங்க."

எடுத்துப் பார்த்தேன். ஒன்றேதான்.

"இந்த வரைபடத்துல அச்சு தலைகீழா இருக்கு."

பார்த்தேன். தலைகீழ்தான்.

"இந்தப் பத்தியில என்ன சொல்ல வர்றீங்க?"

பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

உண்மையான சிக்கல் நடுப்பகுதியில் இருந்தது. ஒரே உலோகத்தைப் பல குழுக்கள் அளந்திருந்தன. ஒரே மெருகு, ஒரே எடை. ஆனால் உராய்வு மட்டும் ஆளுக்கு ஒரு விடை. நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிய்ப்பதற்கு அங்கே அதிகம் இல்லை என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது. கடைசியில் எங்கள் துறையின் வழக்கப்படி, "இது மேலும் ஆராயப்பட வேண்டும்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.

அவள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "தெரியலைங்கறதை இவ்வளவு அழகா எழுதினா, என் பசங்களுக்கே நான் மார்க் போட மாட்டேன். ஆமா, இவங்கெல்லாம் இதை எந்த மாசத்துல பண்ணாங்க?"

"மாசமா? இது இயற்பியல் தாயே, ஜோசியம் இல்ல."

"சாக்பீஸ் மழை நாள்ல ஒரு மாதிரி போகுது, வெயில் நாள்ல கீச்சுன்னு கத்துது. தினம் போர்டுல எழுதறவளுக்குத் தெரியும். காத்துல ஈரம் ஏறினா உராய்வு மாறாதா? அதை யாராவது குறிச்சு வெச்சிருக்காங்களான்னு பாருங்க."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையாகத் தேடினோம். சிலர் அடிக்குறிப்பில் எழுதியிருந்தார்கள். சிலர் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் சொல்லியிருந்தார்கள். காற்றின் ஈரத்தை வைத்து வரிசைப்படுத்தினோம். அதுவரை முட்டிமோதிக்கொண்டிருந்த எண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உயரவாரியாக வந்து நின்றுவிட்டன.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஈரம் உராய்வை மாற்றும் என்பது பழைய சங்கதிதான். ஆனால் இந்தச் சண்டைக்கு அதுதான் காரணம் என்று இதுவரை யாரும் எடுத்து எழுதவில்லை. கட்டுரைக்கு உயிர் வந்துவிட்டது.

அடுத்த நொடியே இன்னொன்றும் உறைத்தது. இவள் தன் பெயரையும் போடச் சொன்னால்? மறுபடியும் "மற்றும்" வந்துவிடுமே!

எதிர்வீட்டில் ஒரு வக்கீல் இருக்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், அவங்க பேரைப் போடாமலும் இருக்கணும், அவங்க சந்தோஷமாவும் இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"கட்டுரை முடிவுல நன்றின்னு ஒரு பகுதி வருமே?"

"வரும். யாரும் படிக்க மாட்டாங்க."

"அதுதான் சார் உலகத்துலயே பெரிய கௌரவம்னு சொல்லுங்க. உங்க துறைக்குள்ள அவங்க எட்டிப் பாக்கவா போறாங்க?"

மனிதர் சும்மா வக்கீல் ஆகவில்லை. மகிழ்ச்சியில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். வக்கீலின் மனைவி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். "இதோ பாரு, நீ எவ்வளவோ உதவி பண்ணியிருக்கே. உனக்கு நன்றிப் பகுதியில தனியா இடம் ஒதுக்கப்போறேன்."

"நன்றியா? அது கடைசியில ஓரமா வர்றதுதானே?"

"ஐயோ, உனக்குத் தெரியாது! ஆசிரியர் பேருங்கறது சும்மா ஒரு சம்பிரதாயம். தலைப்புக்குக் கீழே ஒரு வரி. நன்றிக்குத் தனித் தலைப்பு, தனிப் பத்தி! பெரிய பெரிய விஞ்ஞானிங்கெல்லாம் முதல்ல அதைத்தான் புரட்டிப் பாப்பாங்க. அதைவிட உசந்த கௌரவம் எங்க துறையில கிடையாது."

அவள் என்னையே பார்த்தாள். "அவ்வளவு பெரிய கௌரவமா?"

"சத்தியமா."

"எனக்கு எதுக்குங்க அவ்வளவு பெருசு?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே பாவமாகிவிட்டது. இப்படி ஒரு அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று அரை நிமிடம் வருந்தினேன். பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

கட்டுரை முடிந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மதிப்பிடுகிறவர்களுக்கு எழுதியது யார் என்று தெரியக்கூடாது என்பது அந்த இதழின் விதி. அதனால் கட்டுரைக்குள் பெயர் இருக்கக் கூடாது. பெயரையும் நன்றியையும் இணையதளத்தில் தனித்தனிக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். இணையதளத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் ஒரு கட்டத்தை நிரப்புவதற்குள் அது என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். நாலாவது முறை தள்ளியபோது அவள் வந்தாள்.

"எழுந்திருங்க, நான் அனுப்பறேன். நீங்க போய் அந்தப் பாத்திரத்தைக் கழுவுங்க."

நியாயமான ஏற்பாடு. முழங்கை வரை சோப்பு நுரையோடு நான் அடுப்படியில் நின்றேன். அவள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"தலைப்பு கேக்குதுங்க!"

"போடு!"

"மின்னஞ்சல் கேக்குது. என்னோடதைக் குடுத்துடவா?"

"குடு, குடு! தபால் வேலையெல்லாம் நீயே பாத்துக்கோ!"

"ஆசிரியர் பேரு கேக்குது!"

"ஆசிரியர் பேரைப் போடு! இதெல்லாமா கேப்பாங்க?"

"முதல்ல ஆசிரியர் பேருதானே போடணும்?"

"வேற யார் பேரைப் போடுவே? ஆசிரியர் பேருதான்!"

"கூட வேற யாராவது உண்டான்னு கேக்குது!"

கரண்டியைக் கீழே போட்டேன். என் வாழ்நாள் லட்சியம் அல்லவா? தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "யாரும் வேண்டாம்! ஒத்தப் பேரு போதும்!"

"சரிங்க பேராசிரியரே!"

எவ்வளவு அடக்கமான குரல் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் போயின. மதிப்பிட்ட மூன்று பேரின் கருத்தும் வந்தது. என் முன்னுரை வளவளவென்று இருப்பதாக ஒருவர் சொன்னார், வெட்டினோம். ஈரத்தை வைத்து எண்களை வரிசைப்படுத்திய பகுதி இந்தத் துறைக்கே புதிய வழி காட்டுவதாக மூவருமே சொன்னார்கள். கட்டுரை ஏற்கப்பட்டது. அச்சுக்குப் போகுமுன் பார்த்துத் தரச் சொல்லி முன்படியும் வந்தது. அவள் கணினியைத் திறந்து வைத்துவிட்டு, "பாருங்க" என்று நகர்ந்துகொண்டாள்.

தலைப்பைப் பார்த்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதன் கீழே பெயரைப் பார்த்தேன். அவள் பெயர்! அடுத்து "மற்றும்". அதற்கடுத்து நான்.

"என்ன இது?"

"என்னங்க?"

"உன் பேரு எப்படி இங்க வந்துச்சு?"

"நீங்கதானே ஆசிரியர் பேரைப் போடச் சொன்னீங்க? இந்த வீட்ல ஆசிரியர் நான்தானே. நீங்க பேராசிரியராச்சே. அந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே மட்டும் உராய்வு அதிகமாக இருந்தது. அவசரமாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். "நன்றி: இக்கட்டுரையின் ஆசிரியர் வரிசை குறித்து மேலான ஆலோசனை வழங்கிய எதிர்வீட்டு வக்கீலுக்கு."

"அவ்வளவு பெரிய கௌரவம்னு நீங்க சொன்னதும் எனக்குக் கூச்சமாப் போச்சு. அதான் யோசனை சொன்னவருக்கே குடுத்துட்டேன். அவங்க வீட்டம்மா அன்னிக்கே எல்லாம் சொல்லிட்டாங்க" என்றாள்.

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்த நடுப்பகுதியை மறுபடி ஒருமுறை படித்தேன். ஒவ்வொரு வரியிலும் அவள்தான் இருந்தாள். நான் தனியாக எழுதியிருந்தால் அங்கே "மேலும் ஆராயப்பட வேண்டும்" என்றுதான் இருந்திருக்கும். எங்கள் இரண்டு பேர் பெயரும் ஒரே வரியில் அச்சாவது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இப்போதுதான். எனக்குப் பெருமையாகவே இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

"இதழாசிரியர் அடுத்த கட்டுரையும் கேட்டிருக்காருங்க. மழையில உராய்வு பத்தி. சேர்ந்து எழுதலாமா?"

"எழுதலாம். ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. ஒத்தப் பேரு போதும்னு நான் தொண்டை கிழியக் கத்தினேனே, அப்புறம் எப்படி ரெண்டு பேரு வந்துச்சு?"

"நீங்க சொன்னபடி ஒத்தப் பேரோடதாங்க அனுப்ப இருந்தேன். அப்புறம், பாவம், பாத்திரமெல்லாம் கழுவறீங்களேன்னு உங்களையும் சேர்த்துக்கிட்டேன்."