ஆங்கிலம் பேசிய மேசை

“மை ஃபாதர் ஈஸ் எ ஹார்ட்வொர்க்கிங் ஃபார்மர்” என்று ரயீஸ் தொடங்கியதும் வகுப்பே சிரித்தது.

“டேய், ஒங்க அத்தா குவைத்துல கிரேன் ஓட்டுறாருடா,” என்றாள் இளமதி.

“சார் போர்டுல எழுதிப் போட்டதுல ஃபார்மர்னுதான் இருக்குது. நான் என்னா பண்றது?”

விரிவுரையாளர் பழமலைநாதன் மேசையைத் தட்டினார். “அப்படியே சொல்லுடா. விவசாயின்னா கம்பெனிக்காரங்களுக்கு மனசு இளகும்.”

“எத்தினி ஏக்கருன்னு கேட்டா, சார்?”

“கேக்க மாட்டாங்க. கேட்டா, ‘தட் ஈஸ் எ வெரி குட் கொஸ்டின், சார்’னு சொல்லிட்டுச் சிரி.”

விருத்தாசலத்தில் இருந்த அந்தத் தனியார் பாலிடெக்னிக்கில் செராமிக் படிக்கும் பிள்ளைகளுக்குப் பணியிட ஆங்கிலம் கற்றுத்தருவது பழமலைநாதனின் வேலை. கற்றுத்தரும் முறையை விளக்க வேண்டுமானால், அதே கல்லூரிப் பட்டறையில் பூச்சாடி செய்யும் முறையைச் சொன்னால் போதும். களிமண்ணை மோர் பதத்துக்குக் கரைத்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். அச்சின் சுவரில் களிமண் ஏடு போலப் படியும். ஏடு போதிய கனம் வந்ததும் மீதிக் கரைசலைக் கவிழ்த்துவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் ஜாடி வரும். எத்தனை முறை ஊற்றினாலும் அதே ஜாடி. வெளியே வழவழப்பு, உள்ளே காலி.

பழமலைநாதனின் அச்சு ஒரே ஒரு பத்தி. கடின உழைப்பாளித் தந்தை, இல்லத்தரசித் தாய், தபால்தலை சேகரிக்கும் பழக்கம், எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்ய நினைப்பதே என் குறை. அவரிடம் படித்த எல்லாரும் தபால்தலை சேகரித்தார்கள். ஒருவன்கூடத் தபால்தலையைக் கையால் தொட்டதில்லை.

முதல்வர் செல்வநாயகி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“பழமலை சார், சென்னைப் பக்கத்து டைல்ஸ் கம்பெனி ஒண்ணு வீடியோவுல இன்டர்வியூ பண்றாங்க. மார்க்கு பாத்து நம்மகிட்ட ரெண்டு பேரக் கேட்டிருக்காங்க. இளமதி, ரயீஸ்.”

“சந்தோசம், மேடம்.”

“முழுக்க இங்கிலீஷ்லதானாம். அங்க மேனேஜருங்கள்லாம் இங்கிலீஷ்லதான் மூச்சு வுடுவாங்களாம்.”

“அதுக்குத்தான நான் இருக்கேன்.”

“நீங்க இருக்கீங்களான்றதுதான் இப்பப் பேச்சு. ஒருத்தராவது தேறலன்னா, ஒங்க பாடத்தை வீடியோ போட்டு ஓட்டிடலாம்னு தாளாளர் சொல்றாரு. அப்புறம் நீங்களும் வூட்டுல இருந்தே பாத்துக்கலாம்.”

பழமலைநாதனின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதும் புதைப்பதும் தாளாளர் கையில்.

மறுநாளே சிகிச்சை தொடங்கியது. கம்பெனிகள் கேட்கும் கேள்விகளை வரிசையாகத் தொகுத்து, பதில்களை அதே வரிசையில் நெட்டுருப் போடச் சொன்னார். இரண்டு பேரும் போட்டார்கள். ஒத்திகை தொடங்கியது.

“வாட் ஈஸ் யுவர் நேம்?”

“ஐ ஆம் எ டீம் பிளேயர் வித் பாஸிட்டிவ் ஆட்டிட்யூட்,” என்றான் ரயீஸ்.

பெயர் கேட்பது ரொம்பச் சுலபம் என்று பட்டியலில் அவர் சேர்த்திருக்கவில்லை. முதல் கேள்வி என்று நினைத்துப் பையன் முதல் பதிலைச் சொல்லிவிட்டான். அதன்பிறகு எல்லாம் ஓரிடம் தள்ளித் தள்ளியே வந்தன. ஊர் எது என்று கேட்டதற்கு, ஐந்து வருடத்தில் மேலாளர் ஆவேன் என்றான். ஐந்து வருடத்தில் என்ன ஆவாய் என்று கேட்டதற்கு, தபால்தலை சேகரிப்பேன் என்றான்.

“வரிசை வேணாம்,” என்றார் பழமலைநாதன். “தெரிஞ்ச வார்த்தை ஒண்ணு காதுல வுழுந்தா, அதுக்குண்டான பதிலைச் சொல்லு. ஒண்ணும் தெரியலன்னா, அதான் இருக்குதே, வெரி குட் கொஸ்டின்.”

இதனால் வந்த கேடு, இப்போது எந்த வார்த்தையும் ரயீஸின் காதில் விழவில்லை. எதைக் கேட்டாலும் வெரி குட் கொஸ்டின். எரிச்சல் தாங்காமல் பழமலைநாதன் கேட்டார்:

“ஆர் யூ எ ஃபூல்?”

“தட் ஈஸ் எ வெரி குட் கொஸ்டின், சார்.”

அடுத்து இளமதியின் பக்கம் திரும்பினார். அவள் தேறக்கூடியவள். அச்சு வார்ப்பை அவளே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்: “மோல்ட் ட்ரிங்க்ஸ் வாட்டர், சார். க்ளே ஸ்டேஸ் ஆன் த வால்.”

அச்சு தண்ணீரைக் குடிக்கிறது, மண் சுவரில் நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கும் பட்டறை மேஸ்திரிக்கும் ஒரே மாதிரி விளங்கும் வாக்கியம். வேறொரு ஆசிரியராக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

“என்னம்மா இது, எல்.கே.ஜி. இங்கிலீஷு!” என்றார் பழமலைநாதன். “குடிக்குதாம்! டீயா குடிக்குது? இப்படிச் சொல்லு: டியூ டு த கேப்பில்லரி ஃபினாமினன் ஆஃப் தி அஃபோர்செய்ட் மோல்ட்…”

அவள் சொல்லிப் பார்த்தாள். ‘ஃபினாமினன்’ வந்ததும் நாக்கு வழுக்கியது. வழுக்கி வழுக்கி, கடைசியில் ‘மோல்ட்’ என்ற சொல்லே அவளுக்குத் திக்க ஆரம்பித்தது. இரண்டாம் நாள் வந்து நின்றாள்.

“சார், நான் இந்த இன்டர்வியூக்கு வரல.”

“ஏம்மா?”

“போன வாரம் வரைக்கும் எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வந்துச்சு, சார். இப்பதான் வர மாட்டேங்குது. மிச்சம் மீதி இருக்கறதயாவது காப்பாத்திக்கறேன். வேற கம்பெனி வந்தா பாத்துக்கறேன்.”

போயே போய்விட்டாள். மிஞ்சியது ரயீஸ் மட்டும்.

அவனைத் தேடிப்போனபோது, வராந்தாவில் நின்று செல்போனைப் பார்த்து முகத்தைக் கோணிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு சினிமா வில்லனின் வசனம் போனில் ஓட, ரயீஸின் வாய் பிசகில்லாமல் அதற்கு அசைந்தது. புருவம் ஏறியது, உதடு துடித்தது. குரல் மட்டும்தான் அவனுடையது இல்லை.

போனைப் பிடுங்கக் கை நீட்டிய பழமலைநாதன் அப்படியே நின்றார்.

“டேய், இது எல்லா வசனத்துக்கும் செய்வியா?”

“தெலுங்குக்குக்கூடச் செய்வேன், சார். நாலாயிரம் பேரு பாக்கறாங்க.”

“இங்கிலீஷுக்கு?”

ரயீஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “சார், நீங்க பேசி நான் வாயசைக்கறதா? அது தப்பு இல்லையா?”

“தப்பு என்னாடா? டீம் வொர்க். சிலபஸ்லயே இருக்குது.”

வாயசைப்பு ஒன்றும் பெரிய வித்தையில்லை. உதடுகள் முழுக்க மூடித் திறப்பது ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும்தான். மற்ற ஒலிகளில் பெரும்பாலானவை பல்லுக்குப் பின்னால், நாக்கும் அண்ணமும் தங்களுக்குள் முடித்துக்கொள்ளும் காரியம். கேமராவுக்கு அது தெரியாது. ஆகவே ‘ப’வும் ‘ம’வும் தப்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதுவும் தப்பினால் நெட்வொர்க் இருக்கவே இருக்கிறது. இந்த நாட்டில் யார் மீது வேண்டுமானாலும் சந்தேகம் வரும், நெட்வொர்க் கோளாறு என்றால் மட்டும் எவரும் மறுபேச்சில்லாமல் நம்புவார்கள்.

சிக்னல் நன்றாகக் கிடைப்பது சூளை அறையில் மட்டும்தான். நேர்காணல் அன்று அங்கே மின்சூளையில் முதலாமாண்டுப் பிள்ளைகளின் பொம்மைகள் வெந்துகொண்டிருந்தன. ஏற்றிய சூளையை நடுவில் அணைத்தால், பொம்மைகள் அரைவேக்காடாக நின்றுவிடும். அணைக்க வழியில்லை. அந்த அனலில், துணி விரித்த மேசைக்கு அடியில், வெள்ளைக் களிமண் தூள் மேல் பழமலைநாதன் முழங்காலிட்டார். அவரது பதினைந்து வருட ஆங்கிலச் சேவை அவரை அந்த இடத்துக்குத்தான் கொண்டுவந்திருந்தது.

மடிக்கணினியில் பெரிய மீசையோடு ஒரு முகம் தோன்றியது. ராஜாங்கம், கம்பெனியின் ஆளெடுப்பு மேலாளர்.

“குட் மார்னிங். ப்ளீஸ் டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.”

மேசைக்கடியிலிருந்து கடின உழைப்பாளித் தந்தை புறப்பட்டார். ரயீஸின் வாய் ஒரு ‘ம’வைக்கூடத் தவறவிடவில்லை. ஃபார்மர் என்ற இடத்தில் லேசாகக் கண்கலங்கவும் செய்தான்.

எதிர்முனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “வெரி குட்” என்று வந்தது.

ரயீஸ் கைக்குட்டையால் வாயைப் பொத்தி இருமுவதுபோலக் குனிந்தான். “சார், அவருக்கும் வாய் லேட்டாத்தான் அசையுது.”

“நல்லதுடா. நெட்வொர்க்கு நம்ம கட்சி.”

அடுத்த கேள்வி தொழில்நுட்பம். களிமண் கரைசலில் சோடியம் சிலிகேட் ஏன் சேர்க்கிறார்கள்? இதன் பதில் ரயீஸுக்குத் தூக்கத்திலும் தெரியும். மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் விலகும், அதனால் தண்ணீர் அதிகம் ஊற்றாமலே கரைசல் இளகும். ஆனால் பேசும் பொறுப்பு மேசைக்கடியில் இருந்தது. அவருக்குச் சிலிகேட் என்றால் என்னவென்று தெரியாது.

ரயீஸ் மறுபடி இருமினான். “துகளை வெலக்கும் சார்… இளகும்… தண்ணி கம்மி…”

பழமலைநாதனுக்குப் பாதிதான் கேட்டது. தன்னிடமிருந்த ஆங்கிலத்தை வைத்து மீதியைக் கட்டினார். “சார், சிலிகேட் ஈஸ் எ வெரி ஹார்ட்வொர்க்கிங் கெமிக்கல். இட் செபரேட்ஸ் எவ்ரிபடி. பட் இட் ஹேஸ் பாஸிட்டிவ் ஆட்டிட்யூட்.”

ரயீஸின் கண்ணில் இப்போது நிஜமாகவே நீர் வந்தது.

பிறகு, “எக்ஸலண்ட் டெக்னிக்கல் நாலெட்ஜ்,” என்றது மீசை. “ப்ளீஸ் ஷோ மீ யுவர் கில்ன்.”

சூளையைக் காட்ட வேண்டுமாம். ரயீஸ் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். குரல் மேசைக்கடியிலேயே தங்கினால் காரியம் கெடும். பழமலைநாதன் நாலு காலில் பின்தொடர்ந்தார். கேமரா சூளைப் பக்கம் திரும்பியிருந்ததால் அவர் படத்தில் விழவில்லை. ஆனால் சூளைக் கதவின் விளிம்பில் அவர் கை விழுந்தது.

“அய்யோ!”

பழக்க தோஷம், ரயீஸ் கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பி அதற்கும் வாயைப் பிளந்தான்.

“வாட் ஈஸ் அய்யோ?” என்று கேட்டது எதிர்முனை.

கையை உதறிக்கொண்டே தரையிலிருந்து பழமலைநாதன் சமாளித்தார். “சார், அய்யோ ஈஸ் தி இண்டிகேஷன் ஆஃப் மேக்ஸிமம் டெம்பரேச்சர்.”

பழமலைநாதனுக்குத் தன் ஒப்பந்தம் கண்ணெதிரே வெந்து வெடிப்பது தெரிந்தது.

“வொண்டர்ஃபுல்,” என்றது மீசை. “வீ வில் இன்ஃபார்ம் தி ரிசல்ட். தேங்க் யூ.”

ரயீஸ் மடிக்கணினியை மேசையில் வைத்தான். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு செல்வநாயகி உள்ளே வந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூள் அப்பி, வெந்த கையை வாயில் வைத்து ஊதிக்கொண்டு, தரையில் தவழ்ந்து வந்த தன் ஆங்கில விரிவுரையாளரைப் பார்த்தார்.

“பழமலை சார்! என்னா இது கோலம்?”

“மேடம்… அது வந்து… கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ், மேடம்…”

“பையனுக்குப் பதிலா நீங்க பேசுனீங்களா? கம்பெனிக்குத் தெரிஞ்சா காலேஜு பேரு என்னா ஆவுறது? இன்னும் ஒரு மணி நேரத்துல ஒங்க ரூம காலி பண்ணிட்டு…”

“மேடம், மேடம்,” என்று கையைக் காட்டித் தடுத்தான் ரயீஸ். “லைனு இன்னும் கட்டாவல.”

மூவரும் திரையைப் பார்த்தார்கள். ராஜாங்கம் இவர்கள் பக்கம் பார்க்கவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மீசை தொங்கக் கீழே குனிந்துகொண்டிருந்தார். அவர் வாயும் குரலும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து வந்தன.

“வாத்தியாரே, முடிஞ்சிருச்சு, மேசைக்கு அடியிலேருந்து வெளிய வாங்க, இந்தப் பையன் இங்கிலீஷ் நல்லா பேசுறான், இவனயே எடுத்துக்குவோம், அடுத்த மாசத்துலேருந்து ஒங்களுக்குப் பதிலா அவன் அடியில உக்காந்துக்கட்டும்!”