தரையிறங்காத பந்து

கேள்வித்தாள் கொடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது.

"சார், இந்தப் பேப்பர் வந்து எங்களுக்கு..."

"கஷ்டமாத்தான் இருக்கும். வகுப்புல கவனிச்சிருக்கணும்," என்று இயற்பியல் பேராசிரியர் அந்தக் கையை இறக்கிவைத்தார்.

ஆண்டு முழுவதும் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துபவர் அவர். மாணவர்களின் முகங்களோடு பெரிய பரிச்சயம் கிடையாது. நேற்றுத்தான் முதல்வர் கூப்பிட்டு, "இந்தத் தடவையும் பாதிப் பேர் பெயிலானா, நீங்கதான் ஹாஸ்டல் வார்டன்," என்று மிகுந்த அன்போடு சொல்லியிருந்தார். விடுதியில் தண்ணீர் வராத காலைகள் எல்லாம் அவர் கண்முன் வந்துபோயின.

முதல் கேள்வியைப் பார்த்தார். இருபது மீட்டர் உயர மொட்டைமாடியிலிருந்து ஒருவன் பந்து எறிகிறான். எவ்வளவு தூரம் தள்ளி விழும்?

"என்ன வேகத்துல எறியறான்னு போடலையே சார்?" என்றாள் முன்வரிசை மாணவி.

உண்மைதான். "விநாடிக்கு இருபது மீட்டர்," என்றார்.

"எந்தப் பக்கமா?"

அதுவும் அச்சில் இல்லை. "நேரா மேலே."

"அப்ப எறிஞ்சவன் தலையிலதானே விழும்?"

அறை சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை.

"சரி, சாய்வாக் கீழ்நோக்கி, முப்பது டிகிரி. பக்கவாட்டு வேகம் மாறாது. கீழ்நோக்கித்தான் முடுக்கம். ரெண்டையும் தனித்தனியாப் போடணும். இதுகூடவா தெரியாது?"

ஒருவருக்கும் தெரியவில்லை. பேனாக்கள் மேசைமேல் படுத்துக்கிடந்தன. வார்டன் வேலை ஓர் அடி நெருங்கி வந்தது.

வேறு வழியின்றித் தேர்வு அறையிலேயே பலகையில் கணக்கைப் போட ஆரம்பித்தார். மேல்நோக்கிக் கூட்டல் குறி என்று வைத்துக்கொண்டவர், பெருந்தன்மையாகக் கீழே இழுக்கும் புவியீர்ப்புக்கும் கூட்டல் குறியே கொடுத்தார். வர்க்கமூலத்துக்குள் ஒரு கழித்தல் எண் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அதன்படி பந்து விழவே விழாது.

"கட்டடம் ரொம்ப உயரம். அதான்," என்று மாடியை ஐந்து மீட்டராகக் குறைத்தார். தன் பிழையைத் தேடுவதைவிடக் கட்டடத்தை இடிப்பது சுலபம். இப்போது விடை வந்துவிட்டது: ஒரு விநாடி. அந்தச் சந்தோஷத்தில் பந்தின் பாதையையும் வரைந்தார். அது தரையைத் தொட்டுவிட்டு, மனம் மாறி மறுபடி மேலேறி, பலகையின் விளிம்புவரை போயிற்று.

மாணவி இரக்கத்தோடு கேட்டாள். "இதையே எழுதிக்கட்டுமா சார்?"

"எழுதுங்க. எல்லாருக்கும் முழு மார்க்."

பேனாக்கள் எழுந்தன. பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து, வார்டன் வேலையை மனதார ராஜினாமா செய்தார்.

அப்போது அலுவலக உதவியாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், ரெண்டு ரூமுக்கும் பேப்பர் மாறிடுச்சு. இவங்க வணிகவியல் பசங்க. உங்க பசங்க பக்கத்து ரூம்ல கணக்குப்பதிவியல் எழுதறாங்க, திருப்பிக் கேட்டா 'எங்களுக்கு இதுவே இருக்கட்டும்'னு தரவே மாட்டேங்கறாங்க."