எல்லை தெரிந்த மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்கு உலகம் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்திருந்தாலும், தாலி கட்டி முடியும்வரை அதை வெளியில் சொல்லக் கூடாது.

எனக்கு அப்போது உலகம் தெரியும் என்று ஒரு நினைப்பு. மொன்றியலில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கு முன் குவைத்தில் அந்நாட்டு முதலாளி ஒருவருக்குக் கார் ஓட்டியவன் அல்லவா! பக்கத்து வளைகுடா நாடுகளுக்கு அவர் போய்வரும்போது, எல்லையில் கார்க் கண்ணாடியை இறக்கி ஓர் அட்டையைக் காட்டுவார். காவலர் சலாம் வைத்து அனுப்புவார். பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கு விசா தேவையில்லை என்ற பேருண்மையை நான் கண்டுபிடித்தது அங்கேதான். (என் பாஸ்போட் எப்போதும் முதலாளியிடம்தான் இருந்தது. அதில் ஒவ்வொரு முறையும் எனக்கு விசா குத்தியிருந்ததை நான் திறந்து பார்த்ததேயில்லை.)

என் கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. மணப்பெண் வசந்தியின் கூறைச்சேலையை, நியூயோர்க்கிலிருந்த அவளுடைய மாமா கொண்டு வந்தார். அவருக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் பிளாட்ஸ்பர்க்கில் நின்றுகொண்டு, "ஆராவது வந்து வாங்குங்கோ" என்று போன் எடுத்தார். பெண் வீட்டில் கூடியிருந்த ஒருவரிடமும் அமெரிக்க விசா இல்லை; எல்லோரும் முழித்தார்கள். நான் எழும்பினேன்.

"தம்பி, விசா வேண்டாமோ?" என்று கேட்டார் யோகன் அண்ணை. கார் அவருடையது. அவரும் என்னைப்போல முடிவுக்குக் காத்திருந்த அகதிதான்.

"பக்கத்து நாட்டுக்கு என்ன விசா அண்ணை? கல்ஃபிலை நான் பாத்தனான். நீங்கள் காரை எடுங்கோ."

அமெரிக்க அதிகாரி எங்கள் அகதிக் கடதாசிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கனடாப் பிரசையா?"

"இன்னும் இல்லை, சேர்."

"விசா?"

என்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி விளக்கினேன். "சேர், குவைத்துக்காரர் பக்கத்து நாட்டுக்குப் போனால் விசா கேட்பதில்லை."

"நீ குவைத்துக்காரனா?"

"இல்லை, சேர். டிரைவர்."

அவர் சிரிக்கவில்லை. காரைத் திருப்பச் சொன்னார்.

திரும்பினால் கனடா எல்லை. அங்கே ஒரு பெண் அதிகாரி 'பொன்ஜூர்' சொல்லிவிட்டு, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

"மொன்றியல்."

"இல்லை, அமெரிக்காவிலிருந்து வருகிறீர்கள்."

"நாங்கள் அமெரிக்காவுக்குப் போகவில்லை, மேடம்."

"அப்படியானால் எங்கே போனீர்கள்?"

நான் பின்னால் திரும்பி, அமெரிக்கா இருந்த பக்கத்தைக் கைகாட்டினேன்.

எங்களை உள்ளே இருத்தினார்கள். நாட்டை விட்டு வெளியேறியதால் விண்ணப்பம் பாதிக்கப்படலாம் என்றார் அந்த அம்மா.

"கொழும்புக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ தம்பி?" யோகன் அண்ணை என் காதருகே குனிந்தார். "மனிசியையும் பிள்ளையையும் கூப்பிடலாமெண்டு இருந்தனான்."

உலகம் தெரிந்தவன் தன் அகதிக் கடதாசியை மடித்து மடித்து விரித்தான். (அவருடைய மனைவியும் பிள்ளையும் பிறகு நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். அதுவரை அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.)

எங்கெங்கோ போன் பேசி, அமெரிக்கா எங்களை உண்மையிலேயே உள்ளே எடுக்கவில்லை என்று உறுதிப்படுத்தி, எச்சரித்து விடும்போது பின்னேரமாகிவிட்டது. பெண் வீட்டுக்குப் போன் எடுத்தால் லைன் கிடைக்கவேயில்லை.

கிடைக்காததன் காரணம் மொன்றியலின் கோட்-டெ-நேஜ் பகுதியில் பெண் வீட்டுப் படியேறும்போது விளங்கியது. ஒருவரும் வரவில்லை என்று மாமா பிளாட்ஸ்பர்க்கிலிருந்து சொல்ல, மாப்பிள்ளை அமெரிக்காவுக்கு ஓடிவிட்டார் என்று இவர்கள் முடிவுகட்டி, ஊரெல்லாம் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வசந்தியின் அப்பா ஐயரையே வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும் மறுபடி ஐயருக்கு எண்ணைச் சுழற்றினார்.

வசந்தி மட்டும் கேட்டாள். "அவங்கள் உள்ளுக்கை விட்டிருந்தா, திரும்பி வந்திருப்பியளோ?"

"கூறையோடை வந்திருப்பன்."

"கூறை இல்லாமலும் வந்திட்டியள். அது காணும்."

மறுநாள் மேல்வீட்டு அக்காவின் இரவல் சேலையில் கல்யாணம் நடந்தது. கூறை சில வாரம் கழித்துத் தபாலில் வந்தது. அதற்கு விசா கேட்கவில்லை.

இன்றும் வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்து, உங்களுடையது காதல் கல்யாணமா, பேசிச் செய்ததா என்று கேட்டால், வசந்தி என்னைப் பேசவிடுவதில்லை.

"இவர் அமெரிக்காவுக்கு ஓடத்தான் பாத்தவர். அவங்கள் எடுக்கேல்லை. அதாலை நான் எடுத்தனான்."